வீட்டைச் சுற்றி டைல்ஸ் போடுவதற்கு முன்னால்

வீடு கட்டி முடிகிற சமயத்தில் எல்லார் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். எங்கள் வீட்டில் அது ஒரு சனிக்கிழமை, கூலிக் கணக்கு முடிக்க வந்த மேஸ்திரி வாயிலிருந்து வந்தது. "சார், சுத்தி இருக்கிற எடத்தையும் டைல்ஸ் போட்டு முடிச்சுடலாம் சார். சேறு ஆகாது, பாம்பு பூச்சி வராது, அம்மா பெருக்கித் தள்ளவும் ஈஸியா இருக்கும்."

மூன்று காரணமும் நியாயமாகத்தான் பட்டது. அம்மாவும் தலையாட்டிவிட்டார். முன்பணம் கொடுக்கும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில்தான் டைல்ஸ் நின்றுபோனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது 'பசுமை லேண்ட்ஸ்கேப்பிங்' என்ற பேச்சு நிறைய அடிபடுகிறது. இணையத்தில் தேடினால் ஒரே மாதிரிப் படங்கள் வரும்: மட்டமாக வெட்டிய புல்வெளி, வெள்ளைக் கூழாங்கல், மூலையில் ஒரு குட்டி புத்தர், இரண்டு மூங்கில் நாற்காலி. பார்க்கப் பச்சையாக இருக்கும். ஆனால் அந்தப் புல்வெளி தினமும் தண்ணீர் கேட்கும், கூழாங்கல் வெயிலை வாங்கி வீட்டுக்குள் திருப்பி அடிக்கும். நிறம் பச்சை என்பதற்காக அதைச் சூழலுக்கு உகந்தது என்று சொல்ல முடியாது.

நான் இதைப் புரிந்துகொண்ட விதம் இதுதான். வீட்டைச் சுற்றியுள்ள இடம் தன் மேல் விழும் மழை, வெயில், சருகு மூன்றையும் தானே சமாளிக்க வேண்டும். லாரித் தண்ணீர், உரமூட்டை, பூச்சிமருந்து என்று வெளியே கையேந்தக் கூடாது. நம் தாத்தா காலத்துக் கொல்லை அப்படித்தான் இருந்தது. கொல்லை, புழக்கடை, புறவாசல் என்று ஊருக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், வேலை ஒன்றுதான். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், சருகு குழிக்குப் போகும், குழியில் மக்கியது முருங்கையடிக்குப் போகும். இன்று நமக்கு இருப்பது அரை கிரவுண்ட். அதில் வீடு போக மிஞ்சுவது முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், பக்கவாட்டில் மூன்றடிச் சந்து. அதற்குள்ளும் இது முடியும். ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். பெரும்பாலோர் நர்சரியிலிருந்து தொடங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கண்ணுக்குப் பிடித்த பத்துச் செடியை வாங்கிவந்து, பிறகு இடம் தேடுகிறார்கள். செடி நாலாவதாக வர வேண்டியது. தண்ணீர், வெயில், மண் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நர்சரிக்குப் போக வேண்டும்.

பதின்மூன்று லாரி

அந்த ராத்திரிக் கணக்கு இது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரி போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான். அரை கிரவுண்ட் என்பது 1,200 சதுர அடி, சுமார் 111 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. பெருக்கினால் ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் 13 லாரி. கோடையில் போன் போட்டுக் கெஞ்சி, காசு கொடுத்து வாங்குகிற அதே லாரிதான். 13 முறை வானத்திலிருந்து வந்து, டைல்ஸ் மேல் வழுக்கித் தெருச் சாக்கடைக்குப் போகப்போகிறது. ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால் அன்றைக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு லாரி. தெருவில் உள்ள எல்லா வீடுகளும் இப்படி ஆளுக்கொரு லாரியை வெளியே தள்ளினால் தெரு என்னவாகும் என்று 2015 டிசம்பரில் பார்த்தோம். அதே ஊர் 2019 கோடையில் காலிக் குடத்தோடு தெருவில் நின்றது.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1990-களில், பெசன்ட் நகர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் சேகர் ராகவன். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். சட்டம் வந்த பிறகு மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி எல்லார் வீட்டிலும் வந்தது. ஆனால் பல வீடுகளில் அது பிளான் அனுமதிக்காகத் தோண்டிய குழி. மேலே மண் அடைத்து, குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றை உட்கார வைத்திருப்பார்கள்.

குழி நீரைச் சேர்த்துவைக்கும் என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஓரடி அகலம், ஐந்தடி ஆழக் குழியில் எவ்வளவு நீர் நிற்கும்? வெறும் குழியில் 110 லிட்டர் போல. உடைத்த செங்கல்லும் ஜல்லியும் போட்டு நிரப்பிய பிறகு அதில் பாதிகூட நிற்காது. ஆகவே அது தொட்டி இல்லை, நீர் கீழே இறங்குகிற வாசல். எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை உங்கள் மண் தீர்மானிக்கும். கடற்கரையோர மணலில் இந்தச் சின்னக் குழியே விழுங்கிவிடும். களிமண் பகுதியில் அது நிரம்பி வழிந்துவிட்டு மறுநாளும் அப்படியே நிற்கும். அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி இறங்குகிற உறைகிணறு வேண்டும். மூன்றடி விட்டம், பத்தடி ஆழத்துக்கு இறக்கினால் சுமார் 2,000 லிட்டர் கொள்ளும்.

உங்கள் மண் எந்த வகை என்று தெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழம் ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீர் ஊற்றி வற்றவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அளவைக் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் கவலையில்லை. காலையில் ஊற்றியது மாலையிலும் முகம் பார்க்கிற மாதிரி நின்றால் களிமண்.

எங்கள் வீடு பள்ளிக்கரணைப் பக்கம். நான் தோண்டியபோது களிமண்ணே வரவில்லை, அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. அரையடிச் செம்மண்ணுக்குக் கீழே உடைந்த டைல்ஸ், இறுகிப்போன சிமென்ட் கட்டி, பாதி மட்காத சிமென்ட் சாக்கு, ஒரு ஒற்றைச் செருப்பு. மனையை மேடாக்குகிறேன் என்று எங்கோ இடித்த கட்டடத்தைக் கொண்டுவந்து கொட்டி, மேலே செம்மண்ணால் பவுடர் பூசியிருக்கிறார்கள். லோடு அடித்தவரிடம் கேட்டால் "எல்லாரும் அப்படித்தான் சார் அடிக்கிறாங்க" என்றார். செடி வைக்கப்போகும் இடங்களில் மட்டும் இரண்டடி வரை அதை அள்ளி வெளியேற்ற வேண்டியிருந்தது. சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்த மண்ணில் செடி இலை வெளுத்து, குச்சியாக நிற்கும்; நாமோ உரம் போதவில்லை என்று உரமாகக் கொட்டுவோம்.

பாத்தி பள்ளமாக இருக்கட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நம் பழக்கத்தில் நடைபாதை பள்ளத்திலும் பூப்பாத்தி மேட்டிலும் இருக்கும். பாத்தியைச் சுற்றிச் செங்கல்லைச் சாய்த்து நட்டு, மண்ணைக் குவித்து வைப்போம். மழை பெய்தால் பாத்தி மண் கரைந்து பாதைக்கு வரும், பாதையிலிருந்து தெருவுக்குப் போகும். இதைத் தலைகீழாக்கினால் போதும். பாதையைக் கொஞ்சம் மேட்டில் வைத்து, பாத்தியை அதைவிட அரையடி பள்ளமாக விடுங்கள். பத்தடி நீளம், நாலடி அகலத்தில் அரையடிப் பள்ளம் ஒரே நேரத்தில் 560 லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாடியிலிருந்து வரும் குழாயையும் அதிலேயே திருப்பிவிடலாம். நிரம்பி வழிகிற நீர் வீட்டின் அஸ்திவாரம் பக்கம் வராமல், உறைகிணற்றுக்கோ தெருப்பக்கமோ போகும்படி ஓரத்தில் ஒரு வாய் வெட்டி விடுங்கள். சுவரிலிருந்து சில அடியாவது பள்ளம் தள்ளியிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இதை மழைத்தோட்டம் என்கிறார்கள். நம் ஊரில் தென்னைக்கு வட்டப்பாத்தி கட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். வீட்டு முன்வாசலில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் தரையே போடக் கூடாதா? போடலாம். நடக்க, வண்டி நிறுத்த, துணி காயவைக்கக் கெட்டித் தரை தேவைதான். தேவைப்படுகிற இடத்துக்கு மட்டும் போடுங்கள் என்கிறேன். நடைபாதைக்குக் கடப்பா கல்லையோ கருங்கல் பலகையையோ கால் எட்டுகிற இடைவெளியில் பதித்து, நடுவில் மண்ணையோ ஜல்லியையோ விடலாம். வண்டி நிற்குமிடத்தில் இரண்டு டயர் ஓடும் தடத்துக்கு மட்டும் கான்கிரீட் பட்டை போதும், நடுவில் புல் வளரட்டும். பேவர் பிளாக் போட்டாலே நீர் இறங்கும் என்று விற்கிறார்கள். அடியில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். கீழே கான்கிரீட் போட்டு அதன் மேல் பிளாக் அடுக்கினால் அதுவும் சிமென்ட் தளம்தான், வடிவம்தான் வேறு.

அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. "எல்லாத்தையும் மண்ணா விட்டுட்டா கோலம் எங்கடா போடுறது?" கேட்டுக்குள் நுழைந்ததும் நாலடிக்கு நாலடி சிமென்ட் தரை. அதில் பேரம் பேச முடியவில்லை.

வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது

வடநாட்டிலும் மேல்நாட்டிலும் எழுதிய தோட்டப் புத்தகங்கள் வீட்டின் தெற்குப் பக்கத்தைப் பற்றியே பேசும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கேதான். நமக்கு அப்படியில்லை. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து, அதன் பிறகு வடக்கே நகர்ந்துவிடும். திரும்ப உச்சிக்கு வருவது ஆகஸ்ட் 18 வாக்கில். நடுவில் ஏறக்குறைய நாலு மாதம் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். தெற்கே போகப் போக இந்தக் காலம் இன்னும் நீளும். அதாவது, வெயில் மண்டையைப் பிளக்கும் மே, ஜூனில் உங்கள் வடக்குச் சுவர் வெயில் வாங்கிக்கொண்டிருக்கும். வடக்குப் பக்கம்தானே என்று நிழலில் வாழும் செடிகளை அங்கே வைத்தால் மே மாதத்தில் கருகிவிடும். நான் ஆறு பெரணித் தொட்டியை இப்படித்தான் இழந்தேன்.

இருந்தாலும் பெரிய எதிரி மேற்குச் சுவர்தான். பிற்பகல் முழுக்க வெயில் வாங்கி, ராத்திரி பத்து மணி வரைக்கும் படுக்கையறைக்குள் அனலைக் கக்கும். மேற்கே பத்துப் பதினைந்து அடி இருந்தால் மரம் வைக்கலாம். புங்கன் நல்ல தேர்வு: இலை உதிர்த்தாலும் சீக்கிரமே தளிர்த்து, கோடை உச்சிக்கு வரும்போது குடைபோல அடர்ந்திருக்கும். கொஞ்ச நாள் சருகு பெருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இடம் மூன்றடிச் சந்துதான் என்றால் மரத்தை மறந்துவிட்டுக் கொடி ஏற்றுங்கள். சுவரிலிருந்து அரையடி தள்ளிக் கம்பி வலை கட்டி, அதில் அவரை, கோவை, சங்குப்பூ, பிரண்டை என்று எதையாவது படரவிடலாம். சுவரோடு ஒட்டவிட்டால் ஈரம் ஏறும். தள்ளியிருந்தால் நடுவில் காற்று ஓடும், சுவரும் குளிரும். எங்கள் வீட்டில் அவரைப்பந்தல் வந்த பிறகு படுக்கையறைச் சுவரை மாலையில் கையால் தொட முடிகிறது. அவரைக்காய் கூடுதல் வரும்படி.

காற்றையும் பார்க்க வேண்டும். சென்னையில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து மதியத்துக்கு மேல் வரும். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து வரும். காற்று வருகிற பக்கத்தில் அடர்த்தியான வேலிச்செடியை ஆளுயரத்துக்கு வளர்த்துவிட்டு, உள்ளே ஏசி போட்டுக்கொண்டு உட்காருவதில் அர்த்தமில்லை.

செடி, கடைசியாக

நாட்டுச் செடிதான் வைக்க வேண்டும், மற்றது எல்லாம் பாவம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. காகிதப்பூ இந்த மண்ணுக்கு வந்தேறிதான். ஆனால் தண்ணீரே கேட்காமல் மதில்மேல் கொட்டிக் கிடக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நாட்டு வகைகளை முதலில் பாருங்கள் என்பதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. நம் ஊரில் மழை மூன்று மாதத்தில் கொட்டிவிட்டு மற்ற மாதங்களில் காயப்போடும். இந்தத் தாளத்துக்குப் பழகிய செடிக்கு நாம் தாதி வேலை பார்க்க வேண்டியதில்லை. சின்ன இடத்துக்கு முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, பவழமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி. கொஞ்சம் இடமிருந்தால் மகிழம், பூவரசு, நெல்லி. கடலோரம் என்றால் புன்னை, உப்புக்காற்றைப் பொருட்படுத்தாது. ஆலும் அரசும் வீட்டுக்கு வேண்டாம், வேர் சுவரைப் பிளக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம்.

கோனோகார்பஸ் என்ற ஒன்றை வேலிக்கென்று நர்சரிகளில் கட்டாயம் காட்டுவார்கள். வேகமாக வளரும், எப்போதும் பச்சை, ஆடு தின்னாது என்பார்கள். தெலங்கானாவிலும் குஜராத்திலும் அரசே நடத் தடை விதித்த மரம் அது. 

2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். விழுந்து கிடந்த பல மரங்களின் வேர் தட்டுப்போலப் பரந்து, ஆழமில்லாமல் இருந்தது. அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசியிருந்தார்கள். கீழே இறங்க ஈரமில்லாத வேர் எங்கே போகும்? மரம் வைத்தால் அடியில் நாலடிக்கு நாலடியாவது மண்ணைத் திறந்து விடுங்கள்.

வைத்த கறிவேப்பிலைக் கன்றில் ஒருநாள் அம்மா பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார். தட்டிவிடப் போனபோது அது தலையைத் தூக்கியது. கறுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசல் எச்சம் மாதிரி ஒரு புழு. சில நாளில் அதுவே கொழுத்துப் பச்சையாகிவிட்டது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்ப்ரேயர் கொண்டுவரட்டுமா என்றார். வேண்டாம் என்று விட்டோம். கன்றில் பாதி இலை காலி. பதினைந்து நாள் சாம்பாருக்குக் கறிவேப்பிலை கடையில் வாங்கினோம். ஒரு காலையில் கூடு வெடித்து, கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு ஒரு வண்ணத்துப்பூச்சி அங்கேயே உட்கார்ந்து சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை அழகி என்று பெயராம். கன்று மறுபடி தளிர்த்து இப்போது என் உயரம் நிற்கிறது. மருந்து அடித்திருந்தால் அந்த இலையைத்தானே நாங்களும் தாளித்திருப்போம்?

மாவுப்பூச்சி மட்டும் விதிவிலக்கு, செம்பருத்தியை விடாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே பாதியை விரட்டலாம். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளித்தால் அடங்கும்.

புல்வெளி பற்றி ஒரு கணக்கு சொல்லிவிட்டு நகர்கிறேன். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல் நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் போலக் குடிக்கும். 300 சதுர அடிப் புல்வெளிக்கு 140 லிட்டர். நகரத்தில் ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றுதான் திட்டமிடுகிறார்கள். ஆக, வேலைவெட்டி இல்லாத ஒரு விருந்தாளியை நிரந்தரமாக வீட்டில் வைத்திருப்பதற்குச் சமம். குழந்தைகள் விளையாடப் புல் வேண்டுமென்றால் அருகம்புல் விடுங்கள். கோடையில் பழுப்பாகும், முதல் மழைக்குப் பச்சையாகும். பழுப்பாக இருப்பதை அசிங்கம் என்று நினைக்காமலிருக்கப் பழக வேண்டும். ஓரங்களுக்குப் பொடுதலை நன்றாகப் படரும்.

சருகும் சாக்கடைத் தண்ணீரும்

சருகைக் கொளுத்தாதீர்கள். கூட்டிச் செடியடியில் மூன்று நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை மட்டும் தொடாமல். இயற்கை விவசாயிகள் இதை மூடாக்கு என்பார்கள். மே மாத மதியத்தில் மூடாக்கை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டும். பக்கத்தில் மூடாத மண் அப்பளமாக வெடித்திருக்கும். மண்புழு தானாக வரும், அதற்கென்று தனியாக வாங்க வேண்டியதில்லை. சமையலறைக் கழிவை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்று அடுக்கடுக்காகத் தொட்டியில் போட்டுவந்தால் இரண்டு மாதத்தில் உரம். நாறுகிறது என்றால் ஈரம் அதிகம், சருகு போதவில்லை என்று பொருள்.

தண்ணீரில் மூன்று வகை வீட்டிலேயே வீணாகிறது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம்தான், உப்பே இருக்காது, தாராளமாகச் செடிக்கு விடலாம். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீர் நேரெதிர்: உப்பெல்லாம் அதில் சேர்ந்திருக்கும், தினமும் செடிக்கு ஊற்றினால் மண் கெடும். வாசல் கழுவ, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, குளியலறை நீரும் பாத்திரம் கழுவிய நீரும். சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் வராமல் ஒரு வலையில் வடித்து, ஜல்லி நிரப்பிய சின்ன ஓடையில் விட்டு, அதில் கல்வாழை நட்டுவிட்டால் அது பெருமளவு சுத்தப்படுத்தி அனுப்பும். கடைசியில் வாழையோ தென்னையோ இருக்கட்டும். தேக்கி வைக்கக் கூடாது, ஒரு நாளிலேயே நாறும். பிளீச்சிங் கலந்த நீர் வேண்டாம். கீரைப் பாத்திக்கும் இதை விடாதீர்கள்.

உட்கார ஓர் இடம்

வெளியே உட்கார இடம் என்றதும் பலகைத்தளம், குடை, ஊஞ்சல் என்று செலவு நீளும். திண்ணையைக் கண்டுபிடித்தவர்கள் நாம். தாழ்ந்த ஓட்டுச் சரிவு, அதன் கீழ் உட்காரவும் படுக்கவும் ஒரு மேடை, எதிரில் தெரு. வெயில் உள்ளே வராது, மழைச்சாரல் கொஞ்சம் தெறிக்கும், காற்று வரும். இன்று சிட்-அவுட் என்று கட்டுகிறோம்; அதன் முகப்பில் ஓர் அடி கூடுதலாகச் சன்ஷேடை நீட்டினால் அதுவே திண்ணை. தரையில் கறுப்புக் கல் வேண்டாம், மதியம் கால் வைக்க முடியாது. மரச்சாமான் புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றில்லை. காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுத் தூணும் நிலையும் விற்கிறார்கள், எங்கள் பெஞ்ச் ஒரு பழைய நிலைக்கதவின் சட்டம். மூங்கில் வாங்கினால் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். பதப்படுத்தாத மூங்கிலை வண்டு துளைத்து, நாற்காலிக்கடியில் தினமும் காலை மாவு கொட்டிக்கிடக்கும்.

விளக்கு குறைவாக, மஞ்சளாக, கீழ்நோக்கி இருக்கட்டும். வெள்ளை விளக்கு போட்டால் பூச்சி எல்லாம் உங்கள் டீ டம்ளருக்கு வரும்.

மேஸ்திரி சொன்ன பாம்பு விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டால் எந்த வீட்டிலும் இது நடக்காது. பாம்பு மண்ணைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் ஒளிய இடத்தையும் தேடி வருகிறது. வேலை முடிந்து ஓரமாக அடுக்கிய செங்கல் குவியல், பழைய தகரம், கேட்டுக்கடியில் ஒரு கை நுழையும் சந்து, மூடாத குப்பைத்தொட்டி இவைதான் அழைப்பிதழ். டைல்ஸ் போட்ட வீட்டிலும் இவை இருந்தால் வரும். நடைபாதையையும் வாசற்படியையும் ஒட்டி மூடாக்கு போடாதீர்கள், அங்கே புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். வந்துவிட்டால் அடிக்கப் போகாமல் 101-ல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கொசுவும் அப்படித்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிட்டு வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பள்ளப் பாத்தியில் நீர் ஓரிரு நாளில் இறங்கிவிட்டால் அதற்கு நேரமே கிடையாது. பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் இவற்றில் நிற்கும் நீர்தான் ஆபத்து. அல்லித்தொட்டி வைத்தால் நாலைந்து கப்பி மீன் விடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு பால்கனியும் மொட்டை மாடியும்தான் கொல்லை. அங்கே மண்ணின் கனம் முதல் கவலை: ஈர மண் தொட்டிகளை மாடி நடுவில் குவிக்காமல், பீம் ஓடும் ஓரங்களில் வையுங்கள், தென்னைநார்க் கழிவு பாதி கலந்தால் எடை குறையும். மற்றபடி வெயில் கணக்கும் மூடாக்கும் அங்கேயும் அதேதான். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு கொடுப்பதுண்டு, விசாரித்துப் பாருங்கள்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். அக்டோபருக்குள் பள்ளத்தை வெட்டி, குழியின் மேல்மணலை அள்ளிப் புது மணல் போட்டு, மாடியைப் பெருக்கிவிட்டால் போதும். முதல் மழை நீரைக் குழிக்குள் விடாமல் வெளியே விடுங்கள், மாடித் தூசியெல்லாம் அதோடு போகட்டும். செடியை முதல் இரண்டு மழைக்குப் பிறகு நட்டால் தானே பிடித்துக்கொள்ளும். முதல் பெருமழை பெய்யும்போது டீயோடு ஜன்னலில் நிற்காமல், குடையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த மூலையில் தேங்குகிறது, எந்தக் குழாய் எங்கே கொட்டுகிறது, கேட்டுக்கடியில் எவ்வளவு வெளியே ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். எங்கள் மதிலில் அப்படி மூன்று கோடு இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வந்தவர் அதை அழிக்கப் போனார், அம்மாதான் ஓடிப்போய்த் தடுத்தார்.